ஃபேன் சுத்தலன்னதும் மோட்டார மாத்தாதீங்க, முதல்ல அத யாரு கூப்பிடலன்னு பாருங்க

நீங்க கேட்டது இதான்: சிக்னல்ல, ட்ராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் முள் ஏறிக்கிட்டே போகுது, வண்டி நகர ஆரம்பிச்சா தன்னால எறங்கிடுது, பானெட் தொறந்து பாத்தா ரேடியேட்டர் ஃபேன் அசையாம நிக்குது, ஆனா ஏசி போட்டா மட்டும் சுத்துது, மெக்கானிக் பாத்துட்டு ஃபேன் அசெம்ப்ளிய மொத்தமா மாத்திடலாம்ங்கறாரு, மாத்தவா வேணாமா?

இப்போதைக்கு வேணாம். ஏன்னா நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. உங்க வண்டில ஒரே ஒரு ஃபேன்தான்னா, ஏசி போட்டதும் அது சுத்துதுன்னா மோட்டார் நல்லா இருக்குன்னுதான அர்த்தம், கெட்டுப்போன மோட்டார் ஏசிக்கு மட்டும் ஸ்பெஷலா சுத்துமா என்ன. எய்தவன் இருக்க அம்ப நோவானேன்னு சொல்லுவாங்கல்ல, ஃபேன் விஷயத்துல நிறைய தடவ அதான் நடக்குது, கண்ணுக்கு தெரியறது ஃபேன்ங்கறதால பழி அது மேல விழுது, அத சுத்த சொல்லி ஆர்டர் குடுக்க வேண்டிய ஆள் எங்கயோ உள்ள ஒளிஞ்சிருக்கான்.

சரி, ஃபேன் எப்படி சுத்துதுன்னு முதல்ல மனசுல ஏத்திக்கங்க, இது புரிஞ்சா மத்ததெல்லாம் தன்னால வரும். ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு பவர் வர்ற பாதை: பேட்டரிலேர்ந்து ஒரு பெரிய ஃப்யூஸ், நிறைய வண்டில 30 ஆம்ப் இல்ல 40 ஆம்ப், அங்கேர்ந்து ரிலே (சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் பண்ற ஸ்விட்ச்), ரிலேலேர்ந்து மோட்டார், மோட்டார்லேர்ந்து பாடி எர்த், அதாவது வண்டி பாடி வழியா பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பற வழி. இன்னொண்ணு ஆர்டர் வர்ற பாதை: இன்ஜின்ல கூலன்ட் (சூட்ட எடுத்துட்டு ரேடியேட்டருக்கு போற திரவம்) போற எடத்துல ஒரு டெம்பரேச்சர் சென்சார், அது இன்ஜின் கம்ப்யூட்டருக்கு சூடு எவ்வளவுன்னு சொல்லுது, கம்ப்யூட்டர் சரி போதும்னு முடிவு பண்ணி ரிலேக்குள்ள இருக்கற சின்ன காயில (கம்பிச்சுருள) எர்த் பண்ணுது, ரிலே டிக்னு ஒட்டுது, ஃபேன் சுத்துது. ஏசி போடும்போது என்ன ஆகுதுன்னா சென்சார யாரும் கேக்கறதில்ல, ஏசி ஆன் ஆச்சு, கேஸ் பிரஷர் ஏறுது, ஃபேன் சுத்துன்னு நேரா உத்தரவு போயிடுது. ஆக உங்க கேஸ்ல பவர் பாதை ஓகே, ஆர்டர் பாதைலதான் எங்கயோ கோளாறு.

ஆனா ஒரு நிமிஷம், உங்க வண்டில ரெண்டு ஃபேன் இருக்கான்னு குனிஞ்சு பாத்துடுங்க. சில வண்டில ஒண்ணு ரேடியேட்டருக்கு, இன்னொண்ணு ஏசி கன்டென்சருக்குன்னு (ரேடியேட்டருக்கு முன்னாடி ஏசி கேஸ ஆற வைக்கறது) தனித்தனி, தனி ரிலே தனி ஃப்யூஸ். அந்த மாதிரி இருந்தா நீங்க ஏசி போட்டப்ப சுத்தினது கன்டென்சர் ஃபேன், ரேடியேட்டர் ஃபேன் உண்மையிலயே செத்து கெடக்கலாம், அப்ப நான் மேல சொன்னது மொத்தமும் தலைகீழாயிடும். இன்னும் சில வண்டில ரெண்டு ஃபேனும் சேந்துதான் சுத்தும், ஸ்லோ ஸ்பீடுல ரெண்டையும் வரிசையா கோத்து ஆளுக்கு சுமார் 6 வோல்ட் போகும், ஃபாஸ்ட் ஸ்பீடுல தனித்தனியா முழு 12 வோல்ட். இந்த டைப்ல ஒரு மோட்டார் உள்ள அறுந்து கரண்ட் போகாம ஆச்சுன்னா ஸ்லோ ஸ்பீடுல ரெண்டுமே நின்னுடும், பழைய சீரியல் பல்பு மாதிரி, நல்ல மோட்டார கெட்டதுன்னு கழட்டி தூக்கிப்போட்டவங்க நிறைய பேர். அதனால எந்த ஃபேன், எப்ப, எவ்வளவு வேகத்துல சுத்துதுன்னு கண்ணால பாத்து வச்சுக்கங்க, சத்தத்த மட்டும் நம்பாதீங்க.

கைய வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம், இத படிக்காம கீழ போகாதீங்க. சில வண்டில இக்னிஷன் ஆஃப்ல இருந்தாக்கூட எலக்ட்ரிக் ஃபேன் திடீர்னு சுத்த ஆரம்பிச்சிடும், சாவி கைல இருக்கேன்னு வெரல உள்ள விட்டா வெரல் போயிடும், ஃபேன கையால தொடணும்னா பேட்டரி நெகட்டிவ் கழட்டிட்டு தொடுங்க, தொங்குற துணி, நீள முடி, ஒயர் எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுடுங்க. ரெண்டாவது, சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய தொறக்கவே கூடாது. உள்ள சுமார் 1 பார் பிரஷர் இருக்கு, அந்த பிரஷர்ல கூலன்ட் 120 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம தண்ணியா இருக்கும், மூடிய திருகின அடுத்த நொடி பிரஷர் போய் அத்தனையும் ஒரேயடியா கொதிச்சு மூஞ்சில அடிக்கும். இன்ஜின்லேர்ந்து ரேடியேட்டரோட மேல் பக்கத்துக்கு போற ரப்பர் ஹோஸ (மேல் ஹோஸ்) கைல புடிக்க முடியற அளவுக்கு ஆறணும், அதுக்கப்பறம்தான்.

ஆறினதும் முதல் வேலை கூலன்ட் அளவு பாக்கறது. ஃபேன பத்தி கேட்டா கூலன்ட்ட பத்தி பேசறானேன்னு நெனைக்காதீங்க, சம்பந்தம் இருக்கு. சென்சார் திரவத்துல முங்கி இருந்தாதான் சூட்ட சரியா படிக்கும். கூலன்ட் கொறஞ்சு அது இருக்கற எடத்துல காத்து நின்னுடுச்சுன்னா, இன்ஜின் உள்ள வெந்துக்கிட்டு இருக்கும், சென்சார் மட்டும் எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிக்கிட்டு இருக்கும், கம்ப்யூட்டரும் அத நம்பி ஃபேன கூப்பிடாம உக்காந்திருக்கும். முள்ளும் நார்மல்ல நிக்கும், ஆனா பானெட் ஓரத்துல ஆவி வரும். கொஞ்ச நாள் முன்னாடி ஹோஸ் மாத்தினது, கூலன்ட் மாத்தினதுன்னு ஏதாவது வேல நடந்திருந்தா காத்து சரியா வெளியேத்தலன்னு சந்தேகப்படலாம். ரிசர்வாயர் டேங்க்ல லெவல் இருக்கேன்னு விட்டுடாதீங்க, தனி மூடி இருக்கற ரேடியேட்டர்னா அதையும் தொறந்து விளிம்பு வரைக்கும் இருக்கான்னு பாருங்க, டேங்க் ஃபுல்லா இருந்தும் ரேடியேட்டர் காலியா இருந்தத நானே பாத்திருக்கேன், மூடியோட ரப்பர் போயிட்டா டேங்க்ல இருக்கறத திரும்ப இழுக்காது.

அடுத்தது, முள் ஏறுதுன்னு சொல்றீங்களே, எவ்வளவு ஏறுது? இத ஏன் கேக்கறேன்னா, மீட்டர் போர்டுல இருக்கற முள் சொல்றது முழு உண்மை இல்ல. நிறைய புது வண்டில சுமார் 75, 80 டிகிரிலேர்ந்து 100ஐ தாண்டற வரைக்கும் முள் நட்ட நடுவுல அசையாம நிக்கற மாதிரி வேணும்னே செட் பண்ணிருப்பாங்க, ஓட்டறவங்க பயப்படக்கூடாதுன்னு. அந்த வண்டில முள் நடுவ விட்டு அசைஞ்சுதுன்னா விஷயம் ஏற்கனவே முத்திப்போச்சு. பழைய வண்டில முள் அப்படியே நேரா ஏறி எறங்கும், ட்ராஃபிக்ல கொஞ்சம் ஏறி ஃபேன் ஓடி எறங்கறது அங்க இயற்கை. இதுக்கெல்லாம் ஒரே மருந்து ஓபிடி போர்ட்ல (வண்டி கம்ப்யூட்டர படிக்கற சாக்கெட்) சொருகற சின்ன ப்ளூடூத் அடாப்டர், போன்ல ஒரு ஆப், அதுல கூலன்ட் டெம்பரேச்சர் லைவா நம்பரா தெரியும். பொதுவா தெர்மோஸ்டாட் (சூடான கூலன்ட்ட ரேடியேட்டருக்கு தொறந்து விடற வால்வு) 82லேர்ந்து 92க்குள்ள தொறக்கும், ஃபேன் ஸ்லோ ஸ்பீடு 95லேர்ந்து 100 வாக்குல வரும், ஃபாஸ்ட் ஸ்பீடு 100லேர்ந்து 105 வாக்குல வரும், வண்டிக்கு வண்டி நாலஞ்சு டிகிரி மாறும். நீங்க 93ல பானெட் தொறந்துட்டு ஃபேன் சுத்தலயேன்னு நின்னா அது சுத்தாதுதான், அதுக்கு இன்னும் நேரம் வரல.

இப்ப சென்சாருக்கு வருவோம், உங்க விஷயத்துல என் சந்தேகம் இங்கதான். ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் போட்டு ஆப்ல ரெண்டு நம்பர் பாருங்க, கூலன்ட் டெம்பரேச்சர், உள்ள வர்ற காத்தோட டெம்பரேச்சர். இன்ஜின் முழுசா ஆறி இருக்கறதால ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும், ரெண்டு மூணு டிகிரி வித்தியாசம் பரவால்ல. கூலன்ட் நம்பர் மட்டும் 15, 20 டிகிரி தள்ளி நின்னா சென்சார் பொய் சொல்லுது. காச செலவழிக்காம பாக்கற சோதனைல இதவிட நல்லது எனக்கு தெரிஞ்சு இல்ல. மைனஸ் 40ன்னு காட்டினா சென்சார் கனெக்டர் கழண்டிருக்கு இல்ல ஒயர் அறுந்திருக்கு.

இன்னொரு சோதனை, இன்ஜின் ஓடும்போது சென்சார் கனெக்டர கழட்டி விடறது. பெரும்பாலான வண்டில சென்சார் காணோம்னா கம்ப்யூட்டர் பயந்துபோய் எதுக்கும் இருக்கட்டும்னு ஃபேன முழு வேகத்துல ஓட விட்டுடும், செக் இன்ஜின் லைட்டும் வரும், அது பிழை கோடு, கனெக்டர திரும்ப மாட்டிட்டு அழிச்சுக்கலாம். கழட்டினதும் ஃபேன் சுத்துதுன்னா கம்ப்யூட்டர், ரிலே, ஃப்யூஸ், மோட்டார் எல்லாம் ஒரே அடில பாஸ், மிச்சம் இருக்கறது சென்சார், அதோட கனெக்டர், ஒயர், இல்லன்னா நான் மேல சொன்ன காத்து அடைப்பு. சுத்தலன்னா உடனே ஒரு முடிவுக்கும் வராதீங்க, எல்லா வண்டியும் இப்படி நடந்துக்காது.

சென்சார கழட்டியும் பாக்கலாம், மல்டிமீட்டர்ல ஓம் வச்சு. இது சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் கொறையற வகை. நிறைய வண்டில 20 டிகிரில 2000லேர்ந்து 3500 ஓம் வரைக்கும் இருக்கும், 80 டிகிரில 300 ஓம் வாக்குல எறங்கிடும். சுடுதண்ணில முனைய மட்டும் முக்கி பாத்தா நம்பர் வழுக்கிக்கிட்டு எறங்கணும், நடுவுல குதிச்சாலோ ஒரு எடத்துல ஒட்டிக்கிட்டாலோ மாத்திடுங்க. வாங்கப்போறப்ப ஒண்ணு கவனிங்க, பழைய வண்டில ரெண்டு சென்சார் இருக்கும், ஒத்த ஒயர் வர்றது மீட்டர் முள்ளுக்கு, ரெண்டு ஒயர் வர்றது கம்ப்யூட்டருக்கு. முள்ளோட சென்சார மாத்திட்டு ஃபேன் இன்னும் சுத்தலயேன்னு முழிக்கற ஆளுங்க உண்டு, அந்த லிஸ்ட்ல நானும் ஒரு தடவ இருந்திருக்கேன்.

ரொம்ப பழைய வண்டின்னா கம்ப்யூட்டரே ஃபேன் விஷயத்துல தலையிடாது, ரேடியேட்டர்லயே ஒரு தெர்மோ ஸ்விட்ச் திருகியிருக்கும், சூடு ஏறினா உள்ள ரெண்டு காண்டாக்ட் ஒட்டும், அவ்வளவுதான். அதோட கனெக்டர கழட்டி ரெண்டு பின்னையும் ஒரு ஒயரால இணைச்சா ஃபேன் சுத்தணும், சுத்துச்சுன்னா ஸ்விட்ச் காலி. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு. தெர்மோஸ்டாட் மூடிக்கிட்டே கெடந்தா சூடான கூலன்ட் ரேடியேட்டருக்கே வராது, ரேடியேட்டர் ஜில்லுன்னு இருக்கும், ஸ்விட்ச் நல்லா இருந்தும் ஒட்டாது, ஃபேன் சுத்தாது, இன்ஜின் கொதிக்கும். மேல் ஹோஸ் கொதிக்குது, கீழ் ஹோஸும் ரேடியேட்டரும் பச்சத்தண்ணி மாதிரி இருக்குன்னா குத்தம் தெர்மோஸ்டாட் மேல.

ஏசி போட்டாலும் சுத்தல, சென்சார கழட்டினாலும் சுத்தல, இப்படி ஒரு கேஸ் வந்தா அப்பதான் பவர் பாதைய தொடணும். ஃப்யூஸ கண்ணால பாத்து நல்லாருக்குன்னு சொல்லாதீங்க, மீட்டர் வச்சு பாருங்க, மயிரிழை மாதிரி விரிசல் விட்டு நிக்கும், வெளிய தெரியாது. ஃப்யூஸ் போயிருந்தா அதே ஆம்ப்ல ஒண்ணு போட்டு பாருங்க, திரும்ப போச்சுன்னா ஏன் போகுதுன்னு தேடணும், 30க்கு பதிலா 50 போட்டு சமாளிச்சா அடுத்து எரியறது ஒயர். பெரும்பாலும் மோட்டார் தண்ட தாங்கற புஷ் இறுகிப்போய் அதிக கரண்ட் இழுக்கும், இல்ல எங்கயாவது ஒயர் இன்சுலேஷன் ஒரசி பாடில தொட்டுக்கிட்டு இருக்கும்.

ரிலேக்கு சுலபமான வழி, அதே பாக்ஸ்ல ஹாரனுக்கோ வேற எதுக்கோ அதே நம்பர் போட்ட ரிலே இருந்தா ரெண்டையும் மாத்தி சொருகி பாருங்க. டிக்னு சத்தம் வந்தா ரிலே நல்லதுன்னு ஒரு நம்பிக்க இருக்கு, அது பாதிதான் உண்மை, காயில் வேல செஞ்சு டிக் சத்தம் வரும், ஆனா உள்ள காண்டாக்ட் கருகிப்போய் கரண்ட் தாண்டாது. ரிலே மேலயே படம் போட்டிருக்கும், 85, 86 காயில் பின், 30 பேட்டரி, 87 மோட்டாருக்கு போறது. காயில்ல 50லேர்ந்து 120 ஓம்க்குள்ள வரணும். ரிலேய கழட்டிட்டு சாக்கெட்ல 30, 87 ரெண்டையும் நடுவுல ஃப்யூஸ் வச்ச தடி ஒயரால இணைச்சா ஃபேன் சுத்தணும். படத்த பாத்து சரியான ஓட்டைதானான்னு ரெண்டு தடவ உறுதி பண்ணிக்கங்க, 85, 86 பக்கம் தெரியாம பேட்டரிய குடுத்துட்டா கம்ப்யூட்டர் உள்ள இருக்கற டிரைவர் போயிடும், ரிலேயோட போக வேண்டிய செலவு எங்கயோ போய் நிக்கும்.

இணைச்சும் சுத்தலன்னா இப்ப மோட்டார சந்தேகப்படலாம், இப்பத்தான். மோட்டார் கனெக்டர கழட்டி பேட்டரிலேர்ந்து நேரா, ஃப்யூஸ் வச்ச ஒயரால, ப்ளஸ் மைனஸ் மாறாம குடுத்து பாருங்க. சுத்தலன்னா ஒரு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால மோட்டார் முதுகுல லேசா ரெண்டு தட்டு தட்டுங்க. தட்டினதும் எழுந்து ஓடுதுன்னா உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சுபோச்சு, இன்னிக்கு ஓடும், நடு ட்ராஃபிக்ல ஒரு நாள் நிக்கும், அதுக்கு மாத்தறதுதான் வழி. பேட்டரிய கழட்டிட்டு கையால சுத்தி விட்டா லேசா ரெண்டு மூணு சுத்து போகணும், கரகரன்னு இறுகினா புஷ் போச்சு. இந்த நேரடி சோதனை ரெண்டு தடி ஒயர் வர்ற சாதா மோட்டாருக்கு மட்டும்தான். மூணு நாலு ஒயர் வந்து, பக்கத்துலயே ஒரு கன்ட்ரோல் மாட்யூல் ஒட்டியிருக்கற வகைன்னா, அது சிக்னல் பாத்து வேகத்த ஏத்தி எறக்கற டைப், அதுக்கு மனசுக்கு தோணின பின்ல எல்லாம் 12 வோல்ட் குடுக்காதீங்க, ஸ்கேனர்ல (ஓபிடி போர்ட்ல மாட்டற மெக்கானிக் கருவி) ஃபேன் டெஸ்ட் ஆப்ஷன் இருக்கும், அதுலேர்ந்து ஓட விட்டு பாருங்க.

எர்த் பத்தி சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. என் பழைய வண்டில ஒரு தடவ ஃபேன் நின்னுபோச்சு, மோட்டார் கனெக்டர கழட்டி மீட்டர் வச்சேன், 12.4 வோல்ட் காட்டுச்சு, கரண்ட் வருது மோட்டார் சுத்தல, அப்ப மோட்டார்தான கெட்டதுன்னு பெரிய மேதாவி மாதிரி புது மோட்டார் வாங்கி அரை நாள் குனிஞ்சு மாட்டினேன். சுத்தல. அப்பறம்தான் உறைச்சுது, கனெக்டர் கழண்ட நெலமைல மீட்டர் எடுக்கற கரண்ட் ஒண்ணுமே இல்ல, ஒரே ஒரு இழை ஒயர் மிச்சம் இருந்தாக்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும். மோட்டார மாட்டி வச்சுக்கிட்டே பின்னாடிலேர்ந்து அளந்தா 4 வோல்ட் கூட இல்ல. எர்த் போல்ட்டுக்கு அடில பச்சையா பூஞ்ச புடிச்ச மாதிரி துரு, கழட்டி உப்புத்தாள் போட்டு தேச்சு திரும்ப இறுக்கினதும் பழைய மோட்டாரே காத்தாடி மாதிரி சுத்துச்சு. அன்னிலேர்ந்து வோல்டேஜ் எப்பவும் லோடு மேலதான், அதாவது மோட்டார மாட்டி கரண்ட் போகும்போதுதான் அளக்கறது. ஃபேனுக்கு பவர் போய்க்கிட்டு இருக்கும்போது மீட்டர் கறுப்பு முனைய பேட்டரி நெகட்டிவ்ல வைங்க, சிவப்ப மோட்டாரோட எர்த் பின்ல வைங்க, 0.2, 0.3 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லது, ஒண்ணு ரெண்டு வோல்ட் காட்டினா அந்த வழில எங்கயோ துரு தின்னுக்கிட்டு இருக்கு. ப்ளஸ் பக்கமும் இதே மாதிரி, பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து மோட்டார் ப்ளஸ் பின் வரைக்கும். கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பா உருகின மாதிரி இருந்தாலும் அதே வியாதிதான், பின் லூஸ், சூடு, உருகல்.

ஸ்லோ ஸ்பீடுல மட்டும் சுத்தாது, ரொம்ப சூடாயி கடைசில திடீர்னு ஜெட் மாதிரி ஃபாஸ்ட்ல சுத்தும், இப்படி சிலருக்கு இருக்கும். அது பெரும்பாலும் ஃபேன் ஃப்ரேம்லயே ஒட்டியிருக்கற, கரண்ட கொறைக்கற ரெசிஸ்டர் போனதால. ஸ்லோ ஸ்பீடு அந்த ரெசிஸ்டர் வழியாதான் போகும், அது அறுந்தா ஏசி போட்டா ஃபேன் வராது, ஏசி நின்ன எடத்துல குளிராது, ஓடினா குளிரும். மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. நெறைய வண்டில தனியா கெடைக்கும்.

ஸ்கேனர் இருந்தா பிழை கோடும் பாத்துக்கங்க, பி0480ன்னா முதல் ஃபேனோட கன்ட்ரோல் சர்க்யூட், பி0481 ரெண்டாவது ஃபேன், பி0117, பி0118 கூலன்ட் சென்சார் சர்க்யூட், பி0128ன்னா இன்ஜின் சூடாக வேண்டிய அளவு சூடாகல, பெரும்பாலும் தெர்மோஸ்டாட் தொறந்தே கெடக்குது. பி0480 வந்ததும் ஃபேன மாத்துன்னு படிச்சுடாதீங்க, அது சர்க்யூட்ல கோளாறுன்னுதான் சொல்லுது, அந்த சர்க்யூட்ல ரிலேவும் ஒயரும் இருக்கு.

நேர் எதிரா ஃபேன் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கற கேஸும் இதே வழிலதான். வண்டிய ஆஃப் பண்ணி சாவி எடுத்த பின்னாடியும் மணிக்கணக்கா ஓடி பேட்டரிய காலி பண்ணுதுன்னா ரிலே காண்டாக்ட் ஒட்டி வெல்டு ஆயிடுச்சு, ரிலேய புடுங்கினா நிக்கும். ஆஃப் பண்ணதும் சில நிமிஷம் ஓடி தானா நிக்கறது சில வண்டில இயல்பு, அத போய் ரிப்பேர் பண்ணாதீங்க. இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணதும் முழு வேகத்துல ஓடுதுன்னா சென்சார் கனெக்டர பாருங்க.

ஃபேன் சுத்துது ஆனாலும் சூடாகுதுங்கறவங்களுக்கு கொஞ்சம் சொல்லணும். சுத்தறது வேற, காத்து இழுக்கறது வேற. ஏசி போட்டு ஃபேன ஓட விட்டு முன்பக்க கிரில் கிட்ட ஒரு தாள காட்டுங்க, அது உள்ள இழுபட்டு ஒட்டணும். தள்ளி விட்டா ஃபேன் திரும்பி சுத்துது, மோட்டார் மாத்தினப்ப ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கும், ஓட்டத்துல வர்ற காத்தையும் எதிர்த்து தள்ளிக்கிட்டு இருக்கும் பாவம். தாள் ஒட்டாம தொங்கினா கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மண்ணு, பூச்சி, பஞ்சு அடைச்சிருக்கும், வெளிலேர்ந்து பாத்தா கன்டென்சர் பளபளன்னு தெரியும், இடுக்குல கம்பளி போத்தின மாதிரி இருக்கும். இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிய பாத்து கொறஞ்ச பிரஷர்ல தண்ணி அடிங்க, பிரஷர் வாஷர கிட்ட வச்சா மெல்லிசு தகடு (ஃபின்) எல்லாம் மடங்கிடும். ஃபேன சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கூடு ஒடஞ்சதுன்னு கழட்டி எறிஞ்சவங்களும் இருக்காங்க, அது இல்லன்னா ஃபேன் தன் முன்னாடி இருக்கற வட்டத்துல மட்டும்தான் காத்து இழுக்கும், மூலை எல்லாம் வீண். ரேடியேட்டர் மூடி தளந்திருந்தாலும் பிரஷர் நிக்காம கூலன்ட் சீக்கிரமே கொதிச்சு வெளிய தள்ளும், ஃபேன் பாவம் அதுக்கு என்ன பண்ணும்.

அப்பறம் ஒரு வித்தியாசம் நெனவுல இருக்கட்டும், நின்னா சூடாகி ஓடினா எறங்கறது காத்து சம்பந்தப்பட்ட கோளாறு, ஏன்னா ஓடும்போது ஃபேன் வேலைய காத்தே செஞ்சுடுது. வேகமா போகும்போதோ மேடு ஏறும்போதோ சூடாச்சுன்னா ஃபேன விட்டுட்டு கூலன்ட் ஓட்டத்த பாருங்க, ரேடியேட்டர் உள்ள அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல்). காலைல ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகி டேங்க்ல குமிழி வந்தா கேஸ்கட் வேலையோன்னு பயப்படணும்.

மோட்டாரே இல்லாம இன்ஜின் பெல்ட்டுலயே ஃபேன் ஓடற வண்டிக்கு மேல சொன்ன மோட்டார், ரிலே, சென்சார் சோதனை எதுவும் பொருந்தாது, அதுல நடுவுல சிலிகான் ஆயில் நெறச்ச கிளட்ச் இருக்கும், சூட்டுல இறுகும், ஆறினா தளரும். இன்ஜின் நல்லா சூடா இருக்கும்போது ஆஃப் பண்ணிட்டு கையால சுத்தினா கெட்டியா தடுக்கணும், தடையே இல்லாம சுத்திக்கிட்டே போனாலோ கிளட்ச் மேல ஆயில் கசிஞ்ச கறை இருந்தாலோ கிளட்ச மாத்துங்க.

உங்க வண்டிக்கு திரும்ப வர்றேன். சரி பண்ற வரைக்கும் ஓட்டியே ஆகணும்னா ட்ராஃபிக்ல ஏசிய ஆன்லயே வைங்க. இன்ஜின் சூடாச்சுன்னா ஏசிய ஆஃப் பண்ணுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க, பொதுவா அது சரி, ஆனா உங்களுக்கு ஃபேன ஓட வைக்கற ஒரே ஸ்விட்ச் இப்ப அதான், ஃபேன் இல்லாம நிக்கறதவிட ஏசியோட சேத்து ஃபேன் ஓடறது மேல். முள்ளு மேல ஒரு கண்ணு இருக்கட்டும். அப்படியும் ஏறினா ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஹீட்டர முழு சூட்டுல, ப்ளோயர முழு வேகத்துல வைங்க, வேர்த்து ஊத்தும், ஆனா ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், கொஞ்சம் சூட்ட இழுக்கும். சிவப்புக்கு போச்சுன்னா ஓரமா நிறுத்தி இன்ஜின ஆஃப் பண்ணிட்டு காத்திருங்க, பச்சத்தண்ணிய இன்ஜின் மேல ஊத்தாதீங்க, சூடான ஹெட்டு வெடிப்பு விடும்.

நாளைக்கு காலைல வண்டி ஆறி இருக்கும்போது கூலன்ட் லெவலும், ஆப்ல அந்த ரெண்டு டெம்பரேச்சரும் பாருங்க. அப்பறம் ஏசி ஆஃப்ல வச்சு நிறுத்தின எடத்துலயே இன்ஜின ஓட விடுங்க, ஃபேன் வர்ற வரைக்கும் இல்ல 105 தொடற வரைக்கும், 105க்கு மேல விடாதீங்க. ஆப்ல 105 காட்டியும் ஃபேன் வரலன்னா சென்சார் உண்மைய சொல்லுது, கம்ப்யூட்டருக்கும் ரிலேக்கும் நடுவுல தேடணும், ஒருவேள ஏசிக்கு தனி ரிலே வச்ச வண்டியா இருக்கும். மேல் ஹோஸ தொட முடியாத அளவுக்கு கொதிக்குது ஆனா ஆப்ல அதுக்கு ஒத்துவராம ரொம்ப கொறச்சலா காட்டுதுன்னா சென்சார மாத்துங்க, கூலன்ட் நெறச்சு காத்த வெளியேத்துங்க. இந்த நம்பரெல்லாம், கூடவே உங்க வண்டில ஒரு ஃபேனா ரெண்டு ஃபேனாங்கறதையும் எழுதுங்க, அடுத்து எந்த ஒயர்ல மீட்டர் வைக்கணும்னு சொல்றேன்.